கை தெரிய ஒரு திரை

என் மகளுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. அதனால் பேச்சும் வரவில்லை. அது எங்களுக்குத் தெரிந்தபோது அவளுக்கு ஒன்றரை வயது. தெரிந்த அன்று நான் என்ன செய்தேன் என்று இப்போது யோசித்துப் பார்க்கிறேன். மறுநாள் காலை வழக்கம்போல பஸ் ஏறி வேலைக்குப் போனேன் என்பது மட்டும்தான் நினைவுக்கு வருகிறது. என் மனைவி அன்றைக்கே குழந்தையோடு கையால் பேசத் தொடங்கிவிட்டாள்.

வீடு ராஜபாளையத்தில். வேலை ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில், நகல் பிரிவில். சாட்சிகள் சொன்னதையும் தீர்ப்பில் உள்ளதையும் ஓர் எழுத்து மாறாமல் தட்டச்சு செய்து, ஒத்துப் பார்த்து, முத்திரைக்கு அனுப்ப வேண்டும். முப்பது வருஷம் அந்த வேலையைச் செய்து ஓய்வு பெற்றேன். என் நகலில் பிழை என்று ஒரு வக்கீலும் திரும்பி வந்ததில்லை. அதில் எனக்கு ஒரு பெருமை இருந்தது.

மனைவி சத்திரப்பட்டி ரோட்டில் ஒரு பேண்டேஜ் துணிக் கம்பெனியில் துணி மடிக்கும் வேலைக்குப் போய்வந்தாள். பிள்ளையையும் கூடவே கூட்டிப்போவாள். மடிக்கிற நேரம் போக மிச்ச நேரமெல்லாம் இருவரும் கையால் பேசிக்கொண்டிருந்தார்கள். எந்தப் பள்ளிக்கூடத்திலும் சொல்லித்தராத பாஷை அது. இரண்டு பேரும் சேர்ந்து உண்டாக்கியது. இரண்டு விரலால் இடது மார்பைத் தட்டினால் அப்பா என்று அர்த்தம்; சட்டைப் பையில் பேனா வைத்திருப்பவர். காது மடலைத் தொட்டால் பெண்பிள்ளை. கன்னத்துக்கு அடியில் உள்ளங்கையை வைத்தால் தூக்கம். வீட்டுக் கோழி பொரித்த குஞ்சு ஒன்று செத்துப்போனபோது பிள்ளை அதைக் காட்டி, கன்னத்தில் கையை வைத்து, தூங்குகிறதா என்று கேட்டிருக்கிறாள். மனைவி, இல்லை என்று தலையாட்டி, அதே போல் கன்னத்தில் கையை வைத்துவிட்டு, பிறகு இரண்டு கைகளையும் மலர்த்தி வெறுமையாகக் காட்டினாளாம். அன்றிலிருந்து சாவுக்கு அதுதான் சொல். இதையெல்லாம் மனைவி எனக்குச் சொல்லித்தான் தெரியும். சாப்பாடு, தண்ணீர், பள்ளிக்கூடம், அடி, சாமி என்று பத்துப் பதினைந்து சொற்களோடு நான் நின்றுவிட்டேன். மற்றதற்கு அவள் இருந்தாள். பிள்ளை ஏதாவது சொன்னால் நான் மனைவியைப் பார்ப்பேன், அவள் வாயால் சொல்வாள். அப்படியே இருபத்து மூன்று வருஷம் ஓடிப்போனது.

மகள் திருநெல்வேலிப் பக்கம் காது கேளாதோர் பள்ளி விடுதியில் தங்கிப் பன்னிரண்டாவது வரை படித்தாள். அங்கே வேறு கைமொழி கற்றுக்கொண்டாள். லீவுக்கு வந்தால் அம்மாவோடு பழைய பாஷைதான். ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்த பையனைக் கட்டிக்கொடுத்தோம். அவரும் காது கேளாதவர். அவருடைய அம்மாவுக்கு மட்டும் கேட்கும், பேசுவார். மூவரும் ஒரே வீட்டில் இருந்தார்கள். மகள் போன பிறகு தாய்க்கும் மகளுக்கும் இருந்த ஒரே வழி வீடியோ கால். மனைவிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. மகளுக்கு எழுதத் தெரியும், ஆனால் காது கேளாமல் கற்ற தமிழ். வேற்றுமை உருபும் வினை முற்றும் இல்லாமல் சொல் சொல்லாக எழுதுவாள். 'நாளை அம்மா நான் வா பஸ்' என்று எழுதினால் யார் வருகிறார்கள் என்று நான்தான் ஊகிக்க வேண்டும்.

முதலில் போனில்தான் பேசினார்கள். சாயங்காலம் ஐந்தரைக்கு. உப்பு டப்பாவில் போனைச் சாய்த்து வைத்துவிட்டு மனைவி எதிரே சம்மணம் போட்டு உட்காருவாள். ஒரு மணி நேரம் கைகள் ஓடும். அவள் சிரிப்பதும் ஐயோ என்பதும் மட்டும் எனக்குக் கேட்கும். சில மாதங்கள் கழித்து, போன் கண்ணாடி அழுக்காக இருக்கிறது என்று அடிக்கடி சேலை முந்தானையால் துடைக்க ஆரம்பித்தாள். பிறகு மகளிடம், கையை மெதுவாக ஆட்டு என்று சொன்னாள். பிறகு போனை மூக்குக்குக் கிட்டே வைத்துக்கொண்டாள். அப்போது மகளுக்கு அம்மாவின் நெற்றி மட்டும்தான் தெரிந்தது.

சர்க்கரை அவளுக்குப் பத்து வருஷமாக இருந்தது. மாத்திரையை ஒழுங்காகப் போட்டாளா என்று நான் கேட்டதில்லை. மதுரை கண் ஆஸ்பத்திரியில் பார்த்தபோது, விழித்திரை இரண்டு கண்ணிலும் கெட்டிருக்கிறது, இன்னும் முன்னாலேயே வந்திருக்க வேண்டும் என்றார்கள். லேசர் வைத்தார்கள். கண்ணுக்குள் ஊசி போட்டார்கள். இருக்கிற பார்வையைக் காப்பாற்றப் பார்ப்போம் என்று டாக்டரம்மா சொன்னார். மனைவி அவரிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள், மகளோடு பேச எவ்வளவு பெரிய திரை வேண்டும் என்று. டாக்டரம்மாவுக்குப் புரியவில்லை. நான் விளக்கிச் சொன்னேன். பெரிதாக, வெளிச்சமாக, கூசாத திரையாகப் பாருங்கள் என்றார்.

வீட்டில் டிவி இருந்தது. முதலில் போன் படத்தை அதில் போட்டுப் பார்த்தோம். மகளின் கை ஓர் இடத்துக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் டிவியில் படம் வந்தது. அதோடு, டிவி தெரிய வேண்டுமென்று மனைவி அதன் அருகே போனால் கேமராவில் அவள் விழவில்லை. தூர உட்கார்ந்தால் அவளுக்குக் கை தெரியவில்லை. இரண்டு நாளில் அதை விட்டோம்.

லேப்டாப் வாங்கத் தென்காசி ரோட்டில் ஒரு கடைக்குப் போனேன். கடைக்காரர் நடுத்தர வயது. என்ன வேலைக்கு என்று கேட்டார். கணக்கு எழுதவா, படம் பார்க்கவா, பிள்ளைகள் படிக்கவா. கை பார்க்க என்றேன். மகள் கதையையும் மனைவி கண்ணையும் சொன்னேன். அதற்குப் பிறகு அவர் வேகத்தையும் மெமரியையும் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். எடை குறைந்த சின்ன லேப்டாப்களை ஒதுக்கினார். பளபளவென்று கண்ணாடி போலிருக்கும் திரையில் ஜன்னல் வெளிச்சம் விழுந்து கூசும், மினுமினுப்பு இல்லாத திரைதான் நல்லது என்றார். பதினைந்தரை அங்குலத்தில் நிறைய இருந்தது. பதினேழு அங்குலம் ஒன்றுதான், அதுவும் ஏற்கெனவே ஓர் ஆபீஸில் ஓடித் திரும்பி வந்து புதுப்பித்தது. பாட்டரி நிற்காது, வீட்டில் சொருகியே வைத்திருங்கள் என்று ஒளிக்காமல் சொன்னார்; அதையே எடுத்தேன்.

"கேமரா மட்டும் இதுல உள்ளத நம்பாதீங்க சார். முகம் பாக்கத்தான் வச்சிருக்கான், கை ஆட்டினா இழுவும். தனியா ஒண்ணு மாட்டிக்கிடுங்க. உங்களுக்கில்ல, உங்க மகளுக்கு. அவங்க கைதான அம்மாவுக்குத் தெரியணும்."

அது எனக்குத் தோன்றவே இல்லை. நல்ல லேப்டாப்பை இங்கே வாங்கினால் போதும் என்று நினைத்திருந்தேன். மகள் ஓசூரில் போனில் இருந்தால் இங்கே எத்தனை அங்குலம் இருந்தும் என்ன? மருமகன் கம்பெனியில் கூட வேலை பார்ப்பவர் விற்ற சாதாரண லேப்டாப் ஒன்றை அவர்கள் வாங்கினார்கள். கேமராவை நான் பார்சலில் அனுப்பினேன்.

அடுத்தது எந்தச் செயலியில் பேசுவது என்பது. போனில் எல்லோரும் வைத்திருப்பதையே லேப்டாப்பிலும் போட்டோம். நெட் கொஞ்சம் இளைத்தால் அது படத்தை நிறுத்திவிட்டுச் சத்தத்தை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டது. குரல் இருந்தால் போதும் என்று அதைச் செய்தவர்கள் நினைத்திருக்கிறார்கள். இரண்டாவது ஒன்றில் படம் நன்றாக இருந்தது, ஆனால் முக்கால் மணி ஆகும் முன்பே பாதிப் பேச்சில் துண்டித்தது. மூன்றாவது ஒன்று முகத்தை மட்டும் வைத்துக்கொண்டு பின்னால் உள்ளதை மங்கலாக்கியது. மகள் கையைத் தூக்கினால் விரல்களைப் பின்னணி என்று எடுத்துக்கொண்டு அழித்தது. மனைவி பதறிப்போய், அவள் விரல் எங்கே, விரலுக்கு என்ன ஆச்சு என்று கேட்டாள். அந்த வசதியை எங்கே அணைப்பது என்று கண்டுபிடிக்க எனக்கு ஒரு வாரம் ஆனது. மருமகன் கம்பெனியிலிருந்து மூன்றாவது ஆளாகச் சேர்ந்தால் இன்னொரு தொல்லை. யாரிடமிருந்து சத்தம் வருகிறதோ அவரைத்தான் அது பெரிதாகக் காட்டியது. அவருக்குப் பின்னால் மிஷின் ஓடும் சத்தத்தில் அவர் முகம் திரை முழுக்க நிற்கும். சத்தமே இல்லாத என் மகள் மூலையில் தீப்பெட்டி அளவுக்குச் சுருங்கிவிடுவாள். கடைசியில் அவள் படத்தைப் பெரிதாகவே நிறுத்திவைக்கும் வழி உள்ள ஒன்றில் நிலைத்தோம். மின்சாரம் போனாலும் இணைப்பு நிற்கக் கூடாது என்று ரூட்டருக்குச் சின்னப் பாட்டரிப் பெட்டி ஒன்று மாட்டினேன். மகளிடம் வெள்ளைச் சுவருக்கு முன்னால், கறுப்பு ரவிக்கையோடு, விளக்கு முகத்துக்கு நேரே இருக்கும்படி உட்காரச் சொன்னேன். கறுப்புக்கு மேல் கை பளிச்சென்று தெரிந்தது.

ஏழு மாதம் அப்படிப் பேசினார்கள். அந்த ஏழு மாதத்தில்தான் மகள் உண்டாகியிருப்பதைச் சொன்னாள். எனக்கு மொழிபெயர்த்துச் சொல்லாமலேயே மனைவி எழுந்து போய் சாமி படத்துக்கு முன்னால் நின்றாள். திரையில் மகள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். நானும் சிரித்தேன். அதற்கு மேல் அவளிடம் சொல்ல எனக்குச் சொல் இல்லை.

ஒரு நாள் காலையில் மனைவி பல் விளக்கிக்கொண்டிருந்தவள், கண்ணுக்குள் கறுப்பு மை கொட்டியது போல் இருக்கிறது என்றாள். கண்ணுக்குள் ரத்தம் கசிந்திருந்தது. மதுரைக்கு ஓடினோம். ஒரு கண்ணில் ஆபரேஷன் செய்தார்கள். பலன் இல்லை. மூன்று வாரத்தில் இன்னொரு கண்ணும் போனது. ஜன்னல் எங்கே இருக்கிறது, விளக்கு எரிகிறதா என்பது மட்டும் தெரிந்தது. பதினேழு அங்குலத் திரை அவளுக்கு ஒரு வெளிச்சக் கட்டமாக ஆனது.

அப்போதுதான் எனக்கு முழுதாகப் புரிந்தது. மகளுக்குக் கண் இருக்கிறது. அம்மா கையால் சொல்வதெல்லாம் அவளுக்குப் போய்ச் சேரும். அம்மாவுக்குக் காது இருக்கிறது. ஆனால் மகள் சொல்வது காதில் விழாது. இனி மகள் சொல்வதைப் பார்த்து வாயால் சொல்ல ஓர் ஆள் வேண்டும். அந்த வீட்டில் நான் ஒருவன்தான் இருந்தேன்.

மனைவி எனக்கு அந்த வயதில் பாடம் நடத்தினாள். தன் கையால் ஒவ்வொன்றாகக் காட்டுவாள், நான் திருப்பிக் காட்ட, என் கையைத் தடவிப் பார்த்துத் திருத்துவாள். காட்டும்போது சரியாக வந்தது. திரையில் மகள் வேகமாகப் பேசும்போது பத்தில் மூன்று பிடிபட்டது. பிடிபடாததை நானே நிரப்பினேன். இது எனக்கு வெட்கமாக இருந்தது, ஆனாலும் செய்தேன். "நல்லாருக்காளாம். மசக்கை நின்னுருச்சாம்" என்பேன். மனைவி தலையாட்டுவாள். சில சமயம், "அம்புட்டு நேரம் பேசுனாளே, இம்புட்டுத்தானா?" என்று கேட்பாள். ஆமாம் என்பேன்.

முதல் பிரசவம் தாய் வீட்டில் என்பதுதான் வழக்கம். சம்பந்தியம்மா போனில், "அண்ணே, தப்பா எடுத்துக்கிடாதீக. மதினிக்குக் கண்ணு இல்லாத வீட்டுக்கு வாயும் வயிறுமா உள்ள பிள்ளய எப்படி அனுப்ப?" என்று கேட்டார். அவர் கேட்டதில் தவறு இல்லை. ரத்தக் கொதிப்பு இருப்பதால் பயணம் வேண்டாம் என்று அங்கே டாக்டரும் சொல்லியிருந்தார். மனைவி, வளைகாப்புக்கென்று எடுத்து வைத்திருந்த சேலையைப் பெட்டியில் திரும்ப வைக்கச் சொன்னாள்.

ஒன்பதாம் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, வலி எடுத்து ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பதாகச் சம்பந்தியம்மா காலையில் போன் செய்தார். அதற்குப் பிறகு மதியம் வரை தகவல் இல்லை. நான் போட்ட போனையும் அவர் எடுக்கவில்லை. ஒரு மணி சுமாருக்கு மருமகனிடமிருந்து ஒரு செய்தி வந்தது. 'குழந்தை இல்லை. ஆஸ்பத்திரி. வீடியோ வா.'

குழந்தை இன்னும் பிறக்கவில்லை, ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறோம், வீடியோவில் வாருங்கள் என்று அதை நான் வாசித்தேன். மனைவிக்கும் அப்படியே சொன்னேன். லேப்டாப்பைத் திறந்தேன்.

மருமகன் போனைக் கையில் பிடித்திருந்தார். படத்தில் மகளின் முகம் மட்டும் திரை முழுக்க இருந்தது. கண்கள் வீங்கியிருந்தன. தலைமுடி நெற்றியில் ஒட்டியிருந்தது. இடது கையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது என்பது பிறகு தெரிந்தது; படத்தில் தெரியவில்லை. அவள் வயிறு இறங்கியிருக்கிறதா என்று பார்த்தேன், அதுவும் தெரியவில்லை. என் முகத்தைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். பிறகு வலது கையைத் தூக்கி உள்ளங்கையைக் கன்னத்தின் அடியில் வைத்தாள். அந்தக் கை கீழே போனது, படத்தை விட்டு வெளியே. அங்கே அது மலர்ந்திருக்க வேண்டும். இன்னொரு கையை அவளால் அசைக்க முடிந்திருக்காது. நான் பார்த்தது கன்னத்தில் வைத்த கையை மட்டும்.

"என்ன சொல்லுதா?" என்றாள் மனைவி.

"பிறந்துட்டு போல. தூங்குதாம்."

எப்படி அதைச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. அரை நிமிடத்துக்கு முன்பு, பிறக்கவில்லை என்று செய்தியை வாசித்தவன் நான்தான். இரண்டும் பொருந்தவில்லை என்று தோன்றியிருக்க வேண்டும். வீங்கிய கண்ணைப் பார்த்து ஏதாவது தோன்றியிருக்க வேண்டும். வலியில் அழுதிருப்பாள், செய்திக்கும் இதற்கும் நடுவில் பிறந்திருக்கும் என்று மனம் நொடியில் வழி கண்டுபிடித்தது.

மனைவி கையால், ஆணா பெண்ணா என்று கேட்டாள். மகள் காது மடலைத் தொட்டாள்.

"பொம்பளப் பிள்ள" என்றேன்.

மனைவி இரண்டு கைகளையும் திரையை நோக்கி நீட்டி, காற்றை வழித்து, தன் நெற்றிப் பொட்டில் மடக்கி நெட்டி முறித்தாள். பத்து விரலும் சடசடவென்று முறிந்தன. பிறகு கையால் ஏதேதோ சொல்லிக்கொண்டே போனாள். தங்கம் என்றாள், பால் என்றாள், நான் வருகிறேன், என் மடியில் போடு என்றாள். பார்வை இல்லாத கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. மகள் அதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகம் மாறவே இல்லை. மருமகனின் விரல் குறுக்கே வந்தது. படம் நின்றது.

நெட் போயிருக்கும் என்றேன். மனைவி எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டே அடுப்படிக்குப் போனாள். பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கச் சீனி இருக்கிறதா என்று டப்பாவைத் தடவினாள்.

இருபது நிமிடம் கழித்துச் சம்பந்தியம்மா கூப்பிட்டார். நான் வாசலுக்குப் போய்ப் பேசினேன். வயிற்றுக்குள்ளேயே மூச்சு நின்றுவிட்டதாம். காலை பத்து மணிக்கே ஆபரேஷன் இல்லாமல் எடுத்துவிட்டார்களாம். அடக்கம் செய்யத் தானே தூக்கிக்கொண்டு போனதாகவும், அதனால்தான் போனை எடுக்க முடியவில்லை என்றும் சொன்னார்.

"இவன் உங்களுக்கு மெசேஜ் அடிச்சு விட்டுட்டேன்னு காட்டுனான் அண்ணே. அதான் தெரிஞ்சிருக்கும்னு இருந்தேன்."

தெரியும் என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். உள்ளே மனைவி பாத்திரத்தில் சீனியைக் கொட்டிக்கொண்டிருந்தாள். நான் சொன்னேன். எந்தச் சொற்களில் சொன்னேன் என்பதை எழுத முடியவில்லை. அவள் சீனிப் பாத்திரத்தை மேடையில் வைத்தாள். வைக்கும் இடம் சரியா என்று விளிம்பைத் தடவிப் பார்த்து வைத்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்தாள். அழவில்லை. வெகு நேரம் கழித்து,

"நான் நெட்டி முறிச்சேன்ல?" என்று கேட்டாள்.

நான் சீனி டப்பாவை மூடினேன்.

"அவ பாத்துக்கிட்டு இருந்தாளா?"

"இருந்தா."

மறுநாள் ஓசூருக்குப் போனோம். பஸ் மதுரையைத் தாண்டிய பிறகு மனைவி ஒன்று சொன்னாள். அந்த மூன்றாவது செயலி விரலை அழித்தபோது நீங்கள் ஒரு வாரம் உட்கார்ந்து சரிசெய்தீர்கள், அந்த அக்கறை கைப்பேச்சின் மேல் இல்லாமல் போயிற்றே என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. பஸ் சத்தத்தில் எனக்கு மட்டும் கேட்கிறபடி சொன்னாள்.

மகள் வீட்டுக்கு வந்துவிட்டிருந்தாள். சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். நான் போய் எதிரே நின்றேன். என்னைப் பார்த்ததும் கண்ணை மூடிக்கொண்டாள். கேட்காதவள் கண்ணையும் மூடிக்கொண்டால் அவளிடம் போக வழி இல்லை. மனைவி கட்டிலைத் தடவிக்கொண்டு போய் அவள் முதுகைத் தொட்டாள். மகள் விலகவில்லை, திரும்பவும் இல்லை. இரண்டு நாள் அப்படிப் போனது. மனைவி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து கையால் எதையோ சொல்லிக்கொண்டிருப்பாள். அவள் பார்க்கிறாளா என்று என்னிடம் கேட்பாள். இல்லை என்பேன்.

மூன்றாம் நாள் மத்தியானம், நான் வாசலில் இருந்தேன். உள்ளே எட்டிப் பார்த்தபோது மகள் எழுந்து உட்கார்ந்திருந்தாள். அம்மாவின் வலது கையைப் பிடித்துத் தன் கன்னத்தில் வைத்தாள். பிறகு அம்மாவின் இரண்டு கைகளையும் தன் கைகளில் ஏந்தி மலர்த்தினாள். அப்படியே பிடித்துக்கொண்டிருந்தாள். மனைவியிடமிருந்து அப்போதுதான் சத்தம் வந்தது. சம்பந்தியம்மா அடுப்படியிலிருந்து ஓடி வந்து, இருவரையும் பார்த்துவிட்டு, சேலையை வாயில் வைத்துக்கொண்டு திரும்பிப் போனார். நான் உள்ளே போகவில்லை.

பத்து நாள் இருந்தோம். கையைத் தொட்டுப் பேசினால் பேச முடிகிறது என்று இருவரும் கண்டுகொண்டார்கள். எல்லாம் இல்லை, பாதியாவது. அம்மாவை அங்கேயே விட்டுப் போகச் சொல்லி மகள் கேட்கவில்லை. இரண்டு அறை வீடு, பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும், கண் ஆஸ்பத்திரிக்கு மாதம் ஒரு முறை மதுரை போக வேண்டும். மனைவியும் கேட்கவில்லை. திரும்பி வந்தோம். லேப்டாப்பில் தொட்டுப் பேச முடியாது.

இப்போது வாரத்தில் மூன்று நாள் கூப்பிடுகிறாள். மெதுவாக, சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போல, எனக்குப் புரியும் சொற்களை மட்டும் பொறுக்கிப் பேசுகிறாள். சாப்பிட்டேன், தூங்கினேன், மழை, கம்பெனி, தலைவலி. தாயும் மகளும் மணிக்கணக்கில் பேசிய பாஷை என்னால் முடிகிற அளவுக்குச் சுருங்கிவிட்டது. சந்தேகம் வந்தால் எழுதச் சொல்கிறேன். எழுதியதையும் இரண்டு விதமாக வாசித்து, எது என்று கேட்டு உறுதி செய்துகொள்கிறேன். தெரியாததைத் தெரியவில்லை என்றே மனைவியிடம் சொல்லிவிடுகிறேன். "பொறவு கேட்டுச் சொல்லுங்க" என்பாள். தினமும் ஒரு மணி நேரம் அவளிடம் கற்றுக்கொள்கிறேன். அவள் சில சொற்களை மறக்கத் தொடங்கியிருக்கிறாள். எதிரில் ஆள் இல்லாமல் எத்தனை நாளைக்கு நினைவிருக்கும்?

போன மாதம் ஒரு நாள் பேச்சுக்கு நடுவில் மகள் நிறுத்தினாள். இரண்டு விரலால் இடது மார்பைத் தட்டினாள். பிறகு மெதுவாக, ஒவ்வொரு சொல்லுக்கும் இடைவெளி விட்டு, கையால் ஒன்று கேட்டாள். நான் சின்னப் பிள்ளை, அப்பா, கை, கற்றுக்கொள்ளவில்லை, ஏன்? ஒரு சொல்கூட விடாமல் புரிந்தது. அவள் பிறந்ததிலிருந்து அவள் நேராக என்னிடம் கேட்ட முழுக் கேள்வி அதுதான் என்று நினைக்கிறேன்.

"என்ன சொல்லுதா?" என்றாள் மனைவி.

"என்னையக் கேக்கா. அவ சின்னதுல நான் ஏன் கத்துக்கிடலன்னு."

மனைவி என் பக்கம் முகத்தைத் திருப்பினாள். "சொல்லுங்க, கேக்கால்ல" என்றாள்.

வேலை இருந்தது, பஸ்ஸுக்கு நேரமானது, அம்மா இருக்கிறாளே என்றிருந்தேன். சொல்லத்தக்க பதில்கள் அவ்வளவுதான். அவற்றில் ஒன்றுக்கும் எனக்குக் கைச்சொல் தெரியவில்லை. தெரிந்திருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன். சாமி முன்னால் போட்டுக்கொள்வது போல இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டேன். என்ன சத்தம் அது என்று மனைவி கேட்டாள்.

மகள் திரையில் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். சரி என்றும் சொல்லவில்லை, போதும் என்றும் சொல்லவில்லை. பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்த்தாள். மழை, துணி, எடுக்க வேண்டும் என்றாள். நான் அதை மனைவியிடம் சொன்னேன். சரி, போய் எடுக்கச் சொல்லுங்கள் என்றாள் அவள்.